குளிர்கால விடுமுறை யாருக்காக?

டிசெம்பர் மாதத்தின் இரண்டாவது வாரம் கடந்துவிட்டால் வட அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கடைசிப் பரீட்சைத் தாளை ஒப்படைத்த மாணவர்கள் பயணப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கிச் செல்வர். விடுதி அறைகளின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்படும். சில நாட்களுக்கு முன்னர் நள்ளிரவிலும் இடம் கிடைக்காத நூலகத்தில் மேசைகள் வெறுமையாகக் கிடக்கும். அந்தப் பல்கலைக்கழகங்களிலே இன்று எம்மவர் பிள்ளைகளும் படிக்கின்றனர். அவர்களின் வரவை எதிர்பார்த்துப் பல வீடுகளில் சமையலறை சுறுசுறுப்படைவதும் இந்த வாரத்தில்தான்.

இந்த விடுமுறை எதற்காக ஏற்பட்டது என்று கேட்டால் நத்தாருக்காக என்பார்கள். இன்றைய நிலையில் அது சரியான பதில்தான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் குளிர்கால விடுமுறை வேரூன்றிய காலத்தில் நத்தாருக்கும் அதற்கும் அவ்வளவு தொடர்பு இருக்கவில்லை. அந்த விடுமுறையின் பழைய கதை ஏழை மாணவனின் கதை. அக்கதையின் ஒரு கிளை யாழ்ப்பாணம் வரையும் வந்து சேர்ந்திருக்கிறது.

நத்தார் இல்லாத டிசெம்பர்

அமெரிக்காவின் மிகப் பழைய கல்லூரியான ஹார்வர்ட் 1636இல் மசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லை என்பது அவர்களின் நிலைப்பாடு. 1659இல் அக்குடியேற்றத்தின் ஆட்சிமன்றம் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்துச் சட்டமே இயற்றியது. 1681இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் மனப்பான்மை உடனே மாறவில்லை. மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நத்தார் பொது விடுமுறையானது 1856இல்தான். ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசு அதனை ஏற்றது 1870இல்.

ஆனால் அதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே நியூ இங்கிலாந்துப் பிரதேசக் கல்லூரிகளில் நீண்ட குளிர்கால விடுமுறை வழக்கில் இருந்தது. அது இன்றைய விடுமுறையை விட நீளமானது. பல கல்லூரிகளில் ஆறு வாரம், சிலவற்றில் அதற்கும் மேல். மாணவர்களுக்கு ஓய்வு கொடுப்பது அதன் முதன்மை நோக்கமல்ல. விடுமுறையை அந்தப் பருவத்தில் வைத்ததற்கும் அதை இவ்வளவு நீட்டியதற்கும் முக்கிய காரணம் வேறு. அந்த வாரங்களில் மாணவன் கிராமத்துக்குச் சென்று பள்ளி ஆசிரியராக வேலைபார்த்து, அடுத்த தவணைக்கான பணத்தைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பவேண்டும்.

கிராமப் பள்ளியின் இரு பருவங்கள்

இதனை விளங்கிக்கொள்வதற்கு அக்காலக் கிராமப் பள்ளி எவ்வாறு இயங்கியது என்பதை அறியவேண்டும். ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் ஒவ்வொன்றும் ஆசிரியர் ஒருவரை அமர்த்தவேண்டும் என மசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1647இலேயே சட்டம் செய்திருந்தது. காலப்போக்கில் ஊர்கள் சிறு வட்டாரங்களாகப் பிரிந்து, வட்டாரத்துக்கு ஓர் ஒற்றை அறைப் பள்ளி என்ற முறை உருவாகியது. அவ்வூர்களின் சீவனோபாயம் விவசாயம். உழவுக்கும் அறுவடைக்கும் வளர்ந்த பையன்களின் கைகள் தேவை. ஆகவே கோடைப் பருவத்தில் சிறு பிள்ளைகள் மாத்திரம் பள்ளிக்கு வந்தனர். அவர்களுக்குப் பெரும்பாலும் இளம்பெண்கள் பாடம் சொல்லிக்கொடுத்தனர். நிலம் உறைந்து வயல்வேலை நின்றபின் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில்தான் பெரிய பையன்கள் வந்தனர். அவர்களைக் கட்டியாள ஆண் ஆசிரியர் வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் படித்த இளைஞனை எங்கே தேடுவது? கல்லூரியில் இருந்தான். அவனுக்கோ பணம் தேவை. கிராமத்தின் நாட்காட்டியும் கல்லூரியின் நாட்காட்டியும் இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன.

பதினெட்டு வயது மாணவன் இருபது வயது மாணவர்களையும் வைத்துக்கொண்டு படிப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே அறையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்து, அதன் அண்ணனுக்குக் கணக்கு. அடுப்புக்கு வேண்டிய விறகைப் பெற்றோர் கொடுத்தனர். சம்பளம் சொற்பம். ஆனால் பல ஊர்களில் ஆசிரியருக்கு உணவும் தங்குமிடமும் மாணவர் வீடுகளில் முறைவைத்துக் கொடுக்கப்பட்டன. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு. எமது திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு ஊரார் நெல்லும் அரிசியும் கொடுத்து ஆதரித்த வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. கல்விக்குக் காசு கொடுக்க இயலாத சமூகங்கள் சோறு கொடுத்துக் கற்றிருக்கின்றன.

ஜனாதிபதிகள் இருவர், ஓர் ஊர்

இவ்வழக்கத்தின் வழியே வந்தவர்களுள் அமெரிக்க வரலாற்றின் பெரும் பெயர்கள் பல உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் படித்து 1848இல் பட்டம் பெற்ற செஸ்டர் ஆர்தர், தம் குளிர்கால விடுமுறைகளில் ஸ்கற்றிகோக் என்னும் ஊரில் படிப்பித்தார். பின்னர் 1851இல் வேர்மன்ட் மாநிலத்தின் நோர்த் பௌனல் என்ற சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார்.

1854இல் வில்லியம்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் என்ற இளைஞர் சேர்ந்தார். மரக்குடிசையில் பிறந்தவர். தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். ஒஹையோவில் முன்னர் படித்த கல்வி நிலையத்தில் துப்புரவுப் பணி செய்து தம் செலவைச் சமாளித்தவர். அவருடைய முதலாவது குளிர்கால விடுமுறை வந்தபோது அவர் சென்றதும் அதே நோர்த் பௌனல் ஊருக்குத்தான். அங்கே எழுத்துப்பயிற்சி வகுப்பு நடத்தினார். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் கார்ஃபீல்ட் ஜனாதிபதியாகவும் ஆர்தர் உப ஜனாதிபதியாகவும் தெரிவாகினர். 1881 ஜூலையில் சுடப்பட்ட கார்ஃபீல்ட் செப்டெம்பரில் மரணமடைய, ஆர்தர் அப்பதவிக்கு வந்தார். சில வருட இடைவெளியில் ஒரே சிற்றூரின் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இருவர், அடுத்தடுத்து ஒரு நாட்டின் தலைவர்களாயினர்.

ஹார்வர்ட் கல்லூரியிலும் இதற்கு இடமிருந்தது. மாணவர்கள் பதின்மூன்று வாரங்கள் வரை விடுப்புப் பெற்றுப் பள்ளிகளில் படிப்பிக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தியவர்களுள் ஹென்றி டேவிட் தோரோவும் ஒருவர். 1835-36 குளிர்காலத்தில் அவர் கன்ரன் என்ற ஊருக்குச் சென்று, ஒரெஸ்டஸ் பிரவுன்சன் என்ற சிந்தனையாளரின் வீட்டில் தங்கி, ஏறத்தாழ எழுபது பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். அதே நாட்களில் பிரவுன்சனுடன் சேர்ந்து ஜேர்மன் மொழி கற்றார். பிற்காலத்தில் காந்தியடிகளுக்கு உரமூட்டிய ஒத்துழையாமைக் கட்டுரையை எழுதிய கை, பத்தொன்பது வயது நிரம்பு முன்னரே கிராமப் பள்ளியின் கரும்பலகையைத் தொட்டிருந்தது.

விடுமுறை என்ற எல்லையைத் தாண்டியும் இத்தகைய உழைப்பு தொடர்ந்தது. 1801இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்ற டானியல் வெப்ஸ்ரர், அடுத்த ஆண்டு மேய்ன் பிரதேசத்தின் ஃபிறைபேர்க் ஊரில் பகலில் படிப்பித்தார், இரவில் காணி உறுதிகளைப் பிரதிபண்ணினார். அப்பணம் டார்ட்மத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் எசக்கியேலின் படிப்புக்கு உதவியது. அண்ணனைத் தம்பி படிக்கவைத்த இந்தக் கதை எம்மில் எத்தனை வீடுகளில் நடந்த கதை!

மறுபக்கம்

பழைமை என்பதற்காக இதனை ஒரேயடியாகப் போற்றிவிடவும் முடியாது. பயிற்சி எதுவும் இல்லாத இளைஞன் சில வாரங்களுக்கு வந்து போவதால் பிள்ளைகளின் கல்வி தொடர்ச்சியற்றுக் கிடந்தது. அடுத்த குளிர்காலத்தில் வருபவர் யாரென்று எவருக்கும் தெரியாது. 1837இல் மசச்சூசெட்ஸ் கல்விச் சபையின் செயலாளராகப் பொறுப்பேற்ற ஹொரஸ் மான் இக்குறைகளை இடைவிடாது எடுத்துரைத்தார். அவருடைய முயற்சியின் விளைவாக 1839இல் லெக்சிங்ரன் நகரில் அமெரிக்காவின் முதலாவது அரச ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை திறக்கப்பட்டது.

பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதனிலும் பெரிது. ஆண் மாணவன் ஒரு குளிர்காலம் உழைத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினான். கோடைப் பருவத்தில் படிப்பித்த பெண்ணுக்குத் திரும்புவதற்குக் கல்லூரியே இருக்கவில்லை. லூசி ஸ்ரோன் பதினாறு வயதில் வாரத்துக்கு ஒரு டொலர் சம்பளத்தில் படிப்பிக்கத் தொடங்கினார். ஆண்களும் பெண்களும் சேர்ந்து கற்ற ஒஹையோவின் ஒபர்லின் கல்லூரிக்கு அவர் சென்றது 1843இல், இருபத்தைந்தாவது வயதில். அங்கேயும் வருவாய்க்காகப் படிப்பித்தபோது ஆண்களை விடக் குறைவாகவே சம்பளம் கொடுக்கப்பட்டது. சம ஊதியம் கிடைக்கும்வரை அவர் போராடினார். 1847இல் பட்டம் பெற்று, பட்டதாரியான முதலாவது மசச்சூசெட்ஸ் பெண் என்ற பெயரையும் பெற்றார்.

கறுப்பின மக்களிடையே இவ்வழக்கம் கோடைக்கு மாறியது. ரெனசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்த டபிள்யூ. ஈ. பீ. டு பொய்ஸ் 1886, 1887 ஆகிய இரு கோடைகளிலும் அம்மாநிலத்தின் உட்கிராமமொன்றில் படிப்பித்தார். அடிமைத்தனம் ஒழிந்து ஒரு தலைமுறைகூட ஆகாத காலம். அப்பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கல்வியில் இருந்த தாகத்தையும், பத்து வருடங்களின் பின் மீண்டும் சென்றபோது அவர்களுக்கு நேர்ந்திருந்தவற்றையும் அவர் 1903இல் வெளியான தமது நூலில் பதிவுசெய்தார். நகரத்தில் படிப்பவன் கிராமத்துக்குச் சென்று படிப்பிக்கும்போது, கற்பவனை விடக் கற்பிப்பவனே அதிகம் கற்கிறான் என்பதை அந்த அத்தியாயத்தைப் படிப்போர் உணர்வர்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையில் பணி தொடங்கிய டானியேல் பூவர், 1811இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவரோடு வந்த ஜேம்ஸ் றிச்சட்ஸ், பிற்காலத்தில் கார்ஃபீல்ட் படித்த அதே வில்லியம்ஸ் கல்லூரியின் பட்டதாரி. 1822இல் அவர் யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார். 1820இல் வந்தவர்களுள் லீவை ஸ்போல்டிங் டார்ட்மத் மாணவர். தமிழ்-ஆங்கிலப் பேரகராதியால் நாம் நன்கறிந்த மைரன் வின்ஸ்லோ, வேர்மன்ட் மாநிலத்தின் மிடில்பெரிக் கல்லூரியில் கற்றவர்.

இவர்கள் ஒவ்வொருவரும் குளிர்காலத்தில் கிராமப் பள்ளியில் நின்று படிப்பித்தார்கள் என்று நான் கூறவரவில்லை. ஆனால் இவர்களை உருவாக்கிய கல்லூரிகளின் சூழல் அது. கற்றவன் உடனே கற்பிக்கவேண்டும், ஊருக்கொரு சிறு பள்ளி வேண்டும், ஏழ்மை கல்விக்குத் தடையாகக்கூடாது என்பவை அங்கே கொள்கை விளக்கம் தேவைப்படாத அன்றாட நடைமுறைகள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் செய்ததும் அதுவே. முதலில் கிராமப் பள்ளிகளைத் திறந்தனர். அவற்றின் மேல் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை எழுப்பினர். அமெரிக்காவில் இருந்த கொடையாளர்கள் ஏழைப் பிள்ளைகளின் செலவைப் பொறுப்பேற்று, தம் பெயர்களையும் அவர்களுக்கு அளித்தனர். கரோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் அவ்வாறு வந்தவை. செமினரியில் கற்றவர் பலர் மீண்டும் கிராமங்களில் ஆசிரியராயினர். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே கற்றவர். பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தமிழுக்கு அழியாத தொண்டு செய்தவர்.

அவர்களின் முதன்மை நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்கத் தேவையில்லை. செமினரி 1855இல் மூடப்பட்டதற்கு, அக்கல்வி எதிர்பார்த்த அளவு மதமாற்றத்தைத் தரவில்லை என்று அமெரிக்கத் தலைமைப்பீடம் கருதியதும் ஒரு காரணம். அதற்கு முன்னரே, 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பள்ளிக்குப் பள்ளியாலேயே பதில் சொல்லியிருந்தார். இரு தரப்பினரும் எதிரெதிராக நின்றபோதிலும், ஊருக்குள் பள்ளி வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எமது சமூகத்தின் கல்விக்கு அந்தப் போட்டியே உரமாயிற்று.

தவணை மாறியது, பொருளும் மாறியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகினர். பள்ளி ஆண்டு நீண்டது. குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகும் மாணவ ஆசிரியரின் தேவை குறைந்தது. ஜேர்மன் பல்கலைக்கழகங்களின் செல்வாக்கால் ஆண்டை இரண்டாகப் பகுக்கும் செமஸ்ரர் முறை பரவியது. ஆறு மாதம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. புகையிரதம் வந்தபின் தொலைவில் இருந்தும் வீடு திரும்ப முடிந்தது. நீண்ட விடுமுறை கோடைக்குப் போக, குளிர்கால விடுமுறை நத்தாரையும் புத்தாண்டையும் ஒட்டிய இரு வாரங்களாகச் சுருங்கியது.

அதன்பின்னும் நெடுங்காலம் அது நிம்மதியான விடுமுறையாக இருக்கவில்லை. செப்டெம்பர் பிற்பகுதியில் தொடங்கிய தவணை ஜனவரியில்தான் முடிந்தது. எனவே மாணவர் புத்தகப் பொதியுடன் வீட்டுக்குச் சென்று, பரீட்சைப் பயத்துடன் பண்டிகை கொண்டாடினர். 1960களின் இறுதியிலிருந்து பெரும்பாலான கல்லூரிகள் ஓகஸ்ட் இறுதியில் தொடங்கி டிசெம்பரில் பரீட்சையையும் முடித்துவிடும் முறைக்கு மாறின. ஹார்வர்ட் 2009இலும் பிரின்ஸ்டன் 2020இலும்தான் இம்மாற்றத்தைச் செய்தன. தவணை முடிந்தது என்ற நிறைவோடு டிசெம்பரில் வீடு திரும்புவது நாம் நினைப்பதை விடப் புதிய அனுபவம்.

எமது தலைமுறைக்கோ தவணை இறுதி என்ற சொல்லே உறுதியற்றதாக இருந்தது. 1987க்கும் 1989க்கும் இடையில் தெற்கின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. வடக்கில் போர். தேங்கிய அணிகளின் பின்னால் காத்திருந்து உள்ளே நுழைந்த எமக்கு, எந்த விடுமுறை எப்போது முடியும் என்று தெரியாது. ஆயினும் அந்த நாட்களிலும் ஊருக்குத் திரும்பிய நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளை வீட்டு முற்றத்தில் இருத்திக் கணிதமும் தமிழும் சொல்லிக்கொடுத்தனர். சிலருக்கு அடுத்த மாத விடுதிச் செலவு அதில்தான் கிடைத்தது. காசு கொடுக்க முடியாதவர்களை அவர்கள் திருப்பி அனுப்பவும் இல்லை. கார்ஃபீல்டையும் ஆர்தரையும் அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் செய்த வேலை அதே வேலைதான்.

பூட்டாத அறைகள்

இன்றைய அமெரிக்க வளாகங்களிலும் டிசெம்பரில் எல்லா அறைகளும் பூட்டப்படுவதில்லை. விமானச் சீட்டுக்குப் பணமில்லாத வெளிநாட்டு மாணவர், திரும்பிச் செல்ல வீடே இல்லாதவர், போர் நடக்கும் நாடுகளிலிருந்து வந்தவர் எனச் சிலர் எஞ்சியிருப்பர். சில கல்லூரிகளில் உணவுச்சாலையும் மூடப்பட்டுவிடும். மாணவர் விசாவில் அமெரிக்காவில் படிப்போர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு இருபது மணித்தியாலம் வரையே வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமாகச் செய்யலாம். கனடாவிலும் வெளிநாட்டு மாணவருக்கான மணிக்கணக்கு வரம்பு தவணை விடுமுறைகளில் தளர்கிறது. ஆகவே மற்றவர்கள் ஊருக்குப் போகும் வேளையில் இவர்கள் வேலைக்குப் போகின்றனர். அவர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற பிள்ளைகளும் உண்டு. குளிர்கால விடுமுறையின் பழைய பொருளை இன்றும் அறிந்தவர்கள் அவர்களே.

ஒரு வேறுபாடு மட்டும் மனதை உறுத்துகிறது. அன்றைய ஏழை மாணவன் தன் கல்வியையே கொடுத்துக் கூலி பெற்றான். அவனால் ஊர்ப் பிள்ளைகள் நான்கெழுத்துக் கற்றனர். இன்றைய மாணவன் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான், சிற்றுண்டிச்சாலையில் கோப்பை கழுவுகிறான். அதில் இழிவில்லை. ஆயினும் அவன் தவணை முழுதும் கற்றது எவருக்கும் பயன்படாமல் அவனிடமே கிடக்கிறது.

புலம்பெயர் நாடுகளில் வாழும் பெற்றோரிடம் இரு வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். வீடு வரும் பிள்ளையிடம் புள்ளிகளை மாத்திரம் விசாரிக்காதீர்கள். இந்தத் தவணையில் கற்ற ஒன்றை, ஊரிலுள்ள தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கோ, இணையவழியில் தாயகத்துப் பிள்ளை ஒன்றுக்கோ சொல்லிக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள். அடுத்து, விடுதியில் தனித்துவிடப்பட்ட தோழன் யாரேனும் இருந்தால் அவனையும் கூட்டிவரச் சொல்லுங்கள். மாணவனுக்கு ஒரு வாரம் சோறு போடுவது ஊருக்குப் பாரமல்ல என்று பழைய நியூ இங்கிலாந்துக் கிராமத்தவர் அறிந்திருந்தனர். நாமும் அதை அறியாதவர்களல்லர்.